உப்பளக் கரையும் கைத்தொழிற் கல்வியும்
தமிழகத் திருச்சபை தன் இளைஞரைத் தொழிலுக்கு ஆயத்தப்படுத்திய வரலாறு

முன்னுரை

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்ட பகுதியை (மத். 5:13) நம் சபைகளில் ஆண்டுக்கொருமுறையேனும் விரித்துரைக்கிறோம். உப்பின் சாரம், அதன் வெண்மை, பண்டத்தைக் கெடாமற் காக்கும் அதன் ஆற்றல் ஆகிய மூன்றும் அப்பிரசங்கங்களில் தவறாது இடம்பெறும். அவ்வுப்பை விளைவிப்பவர் யார், அவருக்குக் கிடைக்கும் கூலி யாது, அவருடைய மகனும் மகளும் என்ன தொழில் கற்று எவ்வாறு வாழப் போகின்றனர் என்னும் வினாக்களோ பிரசங்கபீடத்தை எட்டுவதில்லை.

இளைஞரைத் தொழிலுக்குப் பயிற்றுவித்தலும், பயிற்சிக் காலத்தில் அவர்களைத் தாங்குதலும், அவர்களுக்கு ஒரு சபைக் குடும்பத்தை அளித்தலும் திருச்சபையின் பணிகளா, அல்லது அரசும் வணிக நிறுவனங்களும் கவனித்துக்கொள்ள வேண்டியவையா? இவ்வினா புதியதன்று. தமிழகத்தில் புராட்டஸ்தாந்து ஊழியம் தொடங்கிய நாள்முதலே இது எழுந்திருக்கிறது. பல இடங்களில் பல விடைகளையும் பெற்றிருக்கிறது. அவ்விடைகளுட் சிலவற்றை நாம் இங்கு ஆராய்ந்து, மரக்காணத்து உப்பளக் கரையில் இன்று வாழும் இளைஞரை மனத்திற் கொண்டு அவற்றை எடைபோட முற்படுகிறோம்.

1. மரக்காணம்: கடலும் கழியும் பாத்தியும்

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது மரக்காணம். நெடுங்காலம் திண்டிவனம் வட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் இது. கழுவெளி என்னும் பெரிய நீர்ப்பரப்பு கடலோடு கலக்கும் முகம் இதன் அருகில் உள்ளது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என அறிஞர் சிலர் கருதுவர். சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கிய பூமீசுவரர் கோயிலும் இங்கு உண்டு. எனவே பழம்பெருமைக்குக் குறைவில்லாத ஊர். ஆயினும் இன்று வழிப்போக்கர் கண்ணிற்படுவன சாலையோரத்து வெண்குவியல்களும், வானத்தைக் காட்டி நிற்கும் பாத்திகளுமே.

உப்பு விளைவித்தல் எளிய வேலை போலத் தோன்றும். உண்மையில் அது நுண்ணிய தொழில். நிலத்தைச் சமப்படுத்தி, களிமண்ணை மிதித்து இறுக்கி, வரப்பிட்டுப் பாத்தி கட்டவேண்டும். உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, வெயிலிலும் காற்றிலும் படிப்படியாகச் செறிவேற்ற வேண்டும். பாமே என்னும் அளவையில் ஏறத்தாழ 25 பாகையை நீர் எட்டும்போது உப்பு மணி கட்டத் தொடங்கும். செறிவு 30 பாகையை நெருங்குமுன் எஞ்சிய நீரை வெளியேற்றாவிடில் மக்னீசிய உப்புகள் கலந்து கைப்பு ஏறும். கருவியின்றியே நீரின் நிறத்தையும் கையிற்படும் தன்மையையும் கொண்டு இப்பக்குவத்தை உணரும் முதியோர் உப்பளந்தோறும் உளர். பின்னர்ப் பலகையால் வாரி, வரப்பில் ஒதுக்கி, தலைச்சுமையாகக் கொண்டுசென்று அம்பாரமாகக் குவிக்க வேண்டும். சுமப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். உவர்நீரில் நின்று நின்று கால்கள் புண்ணாகின்றன. வெண்பரப்பின் கூசொளியால் கண்கள் கெடுகின்றன.

இத்தொழில் ஆண்டு முழுவதும் நடைபெறுவதில்லை. தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை நடக்கும்; வடகிழக்குப் பருவமழை வந்ததும் ஓய்ந்துவிடும். ஏறத்தாழ மூன்று மாதங்கள் கூலியில்லை. புயல் வருமாயின் துயரம் இரட்டிப்பாகும். 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலும் இக்கரையை வருத்தின. மழைக்கால வேலையிழப்புக்கென உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் முன்வந்தமை, அவர்தம் நிலை அரசின் கண்ணுக்கும் புலப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

உப்பின் மீதிருந்த உரிமை தொழிலாளரிடம் என்றும் இருந்ததில்லை. 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிற்று. 1882-ஆம் ஆண்டின் உப்புச் சட்டம் அப்பிடியை இறுக்கிற்று. 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று இராஜாஜி உப்பு அள்ளியதும், 1947-இல் உப்பு வரி நீங்கியதும் நாம் அறிந்தவை. வரி நீங்கிற்று; பாத்தியில் நிற்பவரின் கூலி வாழ்வு நீங்கவில்லை.

மரக்காணத்தைக் குறித்து இன்னொரு செய்தியையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாகத் தெற்கே வரும் பக்கிங்காம் கால்வாய் இவ்வூரில் முடிகிறது. 420 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுடைய அக்கால்வாயில் ஒருகாலத்தில் உப்பும் விறகும் படகேறிச் சென்னை சென்றன. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த பெரும்பஞ்சத்தின்போது, பஞ்ச நிவாரண வேலையாகவே, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதி தோண்டப்பட்டது. அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு இடப்பட்டது. மண் சுமந்தவர் பெயர் எங்கும் இடப்படவில்லை. அதே பஞ்சத்தினின்று தமிழகத் திருச்சபையின் தொழிற்கல்வியும் ஒரு புதிய வடிவம் பெற்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

2. தரங்கம்பாடி: அச்சுக்கூடமும் உபதேசியார் பள்ளியும்

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கும் புளுட்சாவும் ஹாலே நகரத்துப் பிராங்கேயின் மாணாக்கர் வழியில் வந்தவர்கள். பிராங்கே அந்நகரில் நிறுவிய அநாதை இல்லம் வெறும் அன்னசத்திரமன்று. அதனோடு பள்ளிகளும், மருந்துச் சாலையும், அச்சுக்கூடமும், புத்தக விற்பனையும் இணைந்திருந்தன. பக்தியும் உழைப்பும் ஒரே கூரையின் கீழ் வாழவேண்டும் என்பது ஹாலேயின் பாடம்.

அப்பாடம் தரங்கம்பாடியில் வேர்கொண்டது. இலண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் அச்சுப்பொறி அனுப்பினர். ஹாலேயிலிருந்து 1713-இல் தமிழ் எழுத்துகள் வந்தன. 1714-இல் தொடங்கி 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. வந்த எழுத்துகள் அளவிற் பெரியவையாய் இருந்தமையால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. காகிதம் செய்யும் பட்டறையும் அங்கே எழுந்தது. கடுதாசிப்பட்டறை என்னும் இடப்பெயர் அதற்குச் சான்றாக நிற்கிறது.

1716-இல் சீகன்பால்கு உபதேசியாரையும் ஆசிரியரையும் உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இந்தியப் புராட்டஸ்தாந்து குருமாருள் முதல்வராக 1733-இல் அபிஷேகம் பெற்ற ஆரோன், உபதேசியாராகப் பணியாற்றியே அந்நிலையை அடைந்தார். இங்கே நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. எழுத்து கோப்பவரின் பயிற்சியும் உபதேசியாரின் பயிற்சியும் ஒரே முறையில் நடந்தன. மூத்தவரின் அருகிலிருந்து, அவர் செய்வதைப் பார்த்து, தானும் செய்து, திருத்தப்பட்டுக் கற்கும் முறை அது. நம் நாட்டுத் தச்சுக்கூடமும் திண்ணைப்பள்ளியும் அம்முறையை நெடுநாளாகவே அறிந்திருந்தன. இன்று நாம் களப்பயிற்சி என்றும் தொழிற்பழகுநர் பயிற்சி என்றும் இருவேறு பெயரிட்டு அழைப்பவை தரங்கம்பாடியில் உடன்பிறந்தவை.

ஆயினும் ஒரு குறையும் அப்போதே முளைத்தது. கற்றவருக்கு வேலை கொடுப்பவரும் மிஷனே, கூலி கொடுப்பவரும் மிஷனே என்னும் நிலை ஏற்பட்டது. மிஷன் வளாகத்துக்கு வெளியே அத்திறன் செல்லுபடியாகும் வழி குறைவாக இருந்தது.

3. நாகர்கோவிலும் மங்களூரும்: கூலியும் உரிமையும்

1819-இல் இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தனர். பெண்களுக்குப் படிப்போடு சரிகை பின்னும் தொழிலை மார்த்தா அம்மையார் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே, பின்னல் வேலையில் ஈட்டிய பணத்தைச் சேமித்துத் தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கிய பெண்கள் உண்டு என மிஷன் வரலாறு கூறுகிறது. கைவேலைக்கூலி அடிமைச் சங்கிலியை அறுத்த இந்நிகழ்ச்சியைவிட உயர்ந்த சான்று தொழிற்கல்விக்கு வேண்டுவதில்லை. மால்ட் தம்பதியரின் மகள் எலிசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு அக்கலையைக் கொண்டுசென்றார்.

பாசல் மிஷனார் 1834-இல் மங்களூருக்கு வந்தவர்கள். ஞானஸ்நானம் பெற்றவர் சாதியினின்று தள்ளப்பட்டுப் பிழைப்பை இழந்தமையே அவர்களைத் தொழில் தொடங்கத் தூண்டிற்று. நெசவாலைகள் எழுந்தன, 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிற்று. மங்களூர் ஓடு தென்னாடெங்கும் கூரையேறிற்று. நம் பழைய ஆலயங்கள், பள்ளிகள் பலவற்றுக்கும் அந்த ஓடே நிழல் தந்தது. ஆனால் 1914-இல் மூண்ட உலகப்போர், ஜெர்மானியத் தொடர்புடைய அம்மிஷனின் தொழில்களை அதன் கையினின்று பறித்தது. ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் நிறுவனத்தைச் சேர்ந்தன. இரண்டு தலைமுறையாக மண் பிசைந்து ஓடு சுட்ட சபை மக்களுக்குத் திறமை இருந்தது, கூலி இருந்தது. ஆலையில் உரிமை இருந்ததில்லை. உரிமையாளர் மாறியபோது அவர்களுடைய சம்மதம் கேட்கப்படவும் இல்லை.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் சிறு தொகையாயினும் பெண்ணின் கையிற் சேர்ந்தது. அதனால் அவள் தன் வாழ்வைத் தானே தீர்மானித்தாள். மங்களூரில் பெருந்தொழில் வளர்ந்தது. தீர்மானிக்கும் உரிமையோ கடல்கடந்த ஊரில் இருந்தது. பயிற்சியின் பயனை அளக்கும்போது எத்தனை பேர் கற்றனர் என்று மட்டும் கேட்பது போதாது. கற்றபின் கருவி யாருடையது, கணக்கு யாருடையது எனவும் கேட்கவேண்டும்.

4. நாசரேத்து: பஞ்சம் பெற்ற பள்ளி

1876-இல் ஆர்தர் மர்காஷியஸ் நாசரேத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே பஞ்சம் முற்றியது. தாய்தந்தையரை இழந்த பிள்ளைகள் வந்து குவிந்தனர். அநாதை இல்லம் தோன்றிற்று. பிள்ளைகளுக்குச் சோறிட்டால் போதுமா என்னும் கேள்விக்கு விடையாக 1878-இல் கைத்தொழிற் பள்ளி எழுந்தது. தச்சு, கொல்லுவேலை, நெசவு, தையல் ஆகியன அங்குக் கற்பிக்கப்பட்டன. தென்னாட்டின் பழமையான தொழிற்பள்ளிகளுள் ஒன்றாக அது இன்றும் எண்ணப்படுகிறது. 1908-இல் மர்காஷியஸ் மறையும்வரை அவ்வூரின் பள்ளிகளும் மருத்துவமனையும் அவருடைய உழைப்பால் வளர்ந்தன.

ஒரே பஞ்சம், இரு விளைவுகள். அடையாற்றங்கரையில் பசித்தவன் கூடை கூடையாக மண் சுமந்தான். பஞ்சம் தீர்ந்ததும் அவன் முன்போலவே கூலியாகத் திரும்பினான். கால்வாய் நின்றது, அவன் நிலை மாறவில்லை. நாசரேத்தில் பசித்த பிள்ளை உளியையும் ஊசியையும் கையிற் கொண்டு வெளியேறினான். நிவாரணத்துக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. நிவாரணம் இன்றியமையாதது, பசித்தவனுக்குப் பாடம் நடத்துவது கொடுமை. எனினும் நிவாரணத்தோடு நின்றுவிடும் அன்பு பாதியன்பே.

மற்றொன்றும் கூறவேண்டும். தச்சும் கொல்லும் தறியும் குலத்துக்குக் குலம் பிரிக்கப்பட்டிருந்த நாட்டில், யாருடைய பிள்ளை என்று கேளாமல் அநாதைப் பிள்ளைக்கு உளியைக் கொடுத்தது சிறிய செயலன்று. குலத்துக்கும் தொழிலுக்கும் இருந்த முடிச்சு அங்கே ஓரிடத்தில் அவிழ்ந்தது. ஆனால் அம்முடிச்சைத் திருச்சபை முற்றிலும் அவிழ்த்துவிட்டதாக நாம் பெருமை கொள்வதற்கில்லை. சாதியைச் சபைக்குள் பொறுத்துக்கொள்வதா என்னும் வினாவில் லைப்சிக் மிஷனாரோடு முரண்பட்டே கார்ல் ஆக்ஸ் பிரிந்து, தென்னார்க்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணிபுரிந்தார். 1860-களில் டேனிஷ் மிஷனார் அப்பணியை ஏற்றனர். ஆற்காட்டு லுத்தரன் திருச்சபை அவ்வேரினின்று வளர்ந்தது. தென்னார்க்காட்டில் ஊழியம் செய்வோர் இந்த வரலாற்றை மறக்கலாகாது.

5. பரங்கிப்பேட்டையும் மார்த்தாண்டமும்: ஊரோடு கற்றல்

மரக்காணத்துக்குத் தெற்கே, அதே கடற்கரையில், வெள்ளாற்று முகத்தில் உள்ளது பரங்கிப்பேட்டை. 1909-இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆன் மேரி பீட்டர்சன் அம்மையார், குருண்ட்விக் என்னும் டேனிஷ் குருவானவரின் கல்விக் கொள்கையில் தோய்ந்தவர். உழவர் வீட்டு இளைஞரும் பெண்களும் தேர்வும் பட்டமும் இன்றி, கூடி வாழ்ந்து, தாய்மொழியில் கற்று, தம் ஊருக்கே திரும்பிச் சென்று தலைநிமிர்ந்து வாழ வழிசெய்யும் மக்கள் உயர்பள்ளிகள் 1844 முதல் டென்மார்க்கில் எழுந்தன. ஏட்டுக்கல்வி அலுவலகத்துக்கு ஆள் சேர்க்கும் வாயிலாகவே இருந்துவிடக்கூடாது என்பது அப்பள்ளிகளின் உட்கருத்து.

மிஷன் பள்ளிகளில் நடந்த கல்வி தமிழ்ப் பெண்பிள்ளையைத் தன் வீட்டுக்கும் நாட்டுக்கும் அந்நியமாக்குகிறது எனப் பீட்டர்சன் வருந்தினார். அவரும் எஸ்தர் ஃபேரிங் அம்மையாரும் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்று காந்தியடிகளோடு பழகினர். ஆங்கில ஆட்சியின் ஐயமும் மிஷன் தலைமையின் தயக்கமும் குறுக்கிட்டபோது மிஷன் அமைப்பைவிட்டு வெளியேறினர். 1921 செப்டம்பரில் காந்தியடிகள் அடிக்கல் நாட்டப் பரங்கிப்பேட்டையில் சேவாமந்திர் உருவாயிற்று. கைராட்டையும் வேதபாடமும் தமிழும் அங்கே ஒன்றுகூடின. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை நாட்டின்முன் வைப்பதற்கு ஒன்றரைப் பத்தாண்டு முன்னரே இக்கடற்கரையில் அதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது எனக் கூறுதல் மிகையாகாது. பீட்டர்சன் 1951-இல் மறைந்தார். அவர் நட்ட பள்ளி இன்றும் நடைபெறுகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் மார்த்தாண்டத்தில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் கிராமப் புனரமைப்பு மையம் எழுந்தது. 1916-இல் அச்சங்கத்தின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலராகப் பொறுப்பேற்ற சேலத்துக் கே. டி. பால், இளைஞர் பணி நகரத்து விடுதியோடும் விளையாட்டோடும் நின்றுவிடலாகாது என்றும், கிராமத்துக் கடனையும் கைத்தொழிலையும் கூட்டுறவையும் தொடவேண்டும் என்றும் வற்புறுத்தினார். மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு முதலியவற்றைக் குடிசை வாயிலிலேயே கற்பித்தார். ஆவி, அறிவு, உடல், பொருள், சமுதாயம் என்னும் ஐந்தையும் ஒருங்கே கருதியது அம்மையத்தின் திட்டம். இளைஞனை ஊரினின்று பெயர்த்து எடுக்காமல், அவன் ஊரில் உள்ள மலரையும் தேனீயையுமே அவனுக்கு முதலாக்கிக் காட்டியது அதன் சிறப்பு. மார்த்தாண்டம் இன்றும் தேனுக்குப் பெயர்பெற்ற ஊராக இருப்பதை நாம் அறிவோம்.

6. 1953-ஆம் ஆண்டின் எச்சரிக்கை

ஊரோடு ஒட்டிய தொழிற்கல்வி என்றதும் தமிழகத்தார் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுவது இயல்பு. 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி கிராமத் தொடக்கப்பள்ளிகளில் அரைநேரம் படிப்பு, எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுதல் என்னும் திட்டத்தைக் கொணர்ந்தார். குலக்கல்வித் திட்டம் எனப் பெரியார் அதனைக் கடுமையாக எதிர்த்தார். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1954-இல் இராஜாஜி பதவி விலகினார்; காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. வேதாரண்யத்தில் உப்புச் சட்டத்தை மீறிய அதே தலைவரின் திட்டமே, உப்பளத்தான் மகன் உப்பளத்தானாகவே இருக்கவேண்டும் என்னும் பொருளைத் தந்துவிட்டது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். நோக்கம் எதுவாயினும், பிறப்பால் வந்த தொழிலைக் கல்வியின் பெயரால் உறுதிசெய்வதைத் தமிழ்ச் சமுதாயம் ஏற்கவில்லை.

இந்த எச்சரிக்கை நமக்கும் உரியது. மார்த்தாண்டத்து முறையைப் புகழும் நாம், உப்பளத்துப் பெண்பிள்ளையிடம் உன் தாயின் தொழிலே உனக்குச் சிறந்தது எனக் கூறத் துணியலாமா? புண்பட்ட காலோடு சுமை தூக்கிய தாய், தன் மகள் அவ்வரப்பில் நடக்கக்கூடாது என்று விரும்புவது நியாயமே. எனவே வரலாறு நம்மை இரு கரைகளுக்கு நடுவே நிறுத்துகிறது. இளைஞரை ஊரினின்று பிரித்து நிறுவனத்தின் ஆளாக்கும் பயிற்சி ஒரு பக்கம். அவர்களைப் பிறந்த தொழிலோடு கட்டிப்போடும் பயிற்சி மறுபக்கம். இரண்டிலும் தீர்மானிப்பவர் இளைஞர் அல்லர் என்பதே பொதுக்குறை.

7. ஊழியருக்கும் ஒரு பயிற்சி

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகியபின் மிஷன்களின் தொழிற்பள்ளிகள் பல பேராயங்களின் பொறுப்பிற்கு வந்தன. 1961-இல் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. அரசின் தொழிற்பயிற்சி நிலையங்கள் பெருகின. 2022-இல் தமிழக அரசு நான் முதல்வன் என்னும் திட்டத்தைத் தொடங்கி மாணவருக்குத் திறன் பயிற்சி அளிக்க முற்பட்டது. ஆகவே கருவிகளைக் கற்பிக்கும் பணியில் திருச்சபை இன்று தனியே நிற்கவில்லை. அரசோடு போட்டியிடவும் தேவையில்லை. திருச்சபை மட்டுமே தரக்கூடியது யாது என்பதே கேள்வி.

இதற்கு இறையியற் கல்வியின் வரலாற்றிலிருந்தே ஒரு குறிப்புக் கிடைக்கிறது. 1969-இல் மதுரை அரசரடியில் நிறுவப்பட்ட தமிழ்நாடு இறையியற் கல்லூரி, மாணவர் வளாகத்துக்கு வெளியே எளிய மக்களிடையே குடியிருந்து கற்கும் காலத்தைத் தன் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக்கிற்று. ஏழையின் தெருவும் வகுப்பறையே என்னும் துணிவு அதன் அடிப்படை. போதிப்பவன் முதலில் பழகுநனாகவேண்டும் என்னும் அந்த உண்மை உப்பளத்துக்கும் பொருந்தும்.

அப்போஸ்தலர் நடபடிகளின் 18-ஆம் அதிகாரத்தை இவ்வெளிச்சத்தில் வாசித்தல் நலம். கொரிந்துவுக்கு வந்த பவுல், ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளின் வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். அவ்வீடு வேற்றூரிலிருந்து வந்தவருக்குத் தங்குமிடம், அதுவே தொழிற்கூடம். பின்னர் எபேசுவில் அதே தம்பதியர் அப்பொல்லோவைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டு வேதத்தை அதிகத் திட்டமாக விளக்கினர். தொழிற்கூடத்தார் இறையியல் ஆசிரியராயினர்! வேலை, உறைவிடம், சபை ஆகிய மூன்றும் ஒரு வீட்டில் இணைந்திருந்தன. அரசின் பயிற்சி நிலையம் முதலாவதைத் தரும். மூன்றையும் இணைத்துத் தருதல் சபைக்கே இயலும்.

8. மரக்காணத்தில் செய்யத்தக்கன

மேற்கண்ட வரலாற்றினின்று சில நடைமுறைகளை ஆயர்களின் முன்வைக்கிறோம்.

முதலாவது, காலம். நம் கோடை வேதாகமப் பள்ளிகளும் இளைஞர் முகாம்களும் சித்திரை, வைகாசியில் நடைபெறுகின்றன. அதுவே உப்பு விளைச்சலின் உச்சகாலம். உப்பளத்து இளைஞன் அப்போது வரமுடியாது. ஐப்பசி முதல் மார்கழி வரை அவன் வேலையற்று இருக்கிறான். அம்மூன்று மாதங்களே அவனுக்குரிய பள்ளிக்காலம். நாட்காட்டியை மாற்றுவதற்குப் பணம் வேண்டுவதில்லை.

இரண்டாவது, ஆசிரியர். திண்டிவனத்தில் ஆற்காட்டு அமெரிக்க மிஷன் காலந்தொட்டும், கடலூர்ப் பகுதியில் டேனிஷ் மிஷன் காலந்தொட்டும் வளர்ந்த சபைகளில் செவிலியரும், மின்பணியாளரும், அச்சகத்தாரும், கணக்கரும், படகு இயந்திரம் பழுதுபார்ப்போரும் உளர். ஒவ்வொருவரும் ஓர் இளைஞரை ஓராண்டு தம் அருகில் வைத்துப் பழக்க முன்வருவாராயின், கட்டடம் எழுப்பாமலே ஒரு தொழிற்பள்ளி உருவாகும். பழகும் காலத்துக்குக் கூலி தரப்படவேண்டும். ஊழியம் என்னும் பெயரால் இளைஞரின் உழைப்பை இலவசமாகப் பெறுவது நம் நிறுவனங்களில் காணப்படும் நோய், அது பயிற்சியாகாது.

மூன்றாவது, இருவழித் திறப்பு. உப்பளத்தை விட்டு வெளியேற விரும்புவோர்க்கு அரசு ஏற்கும் சான்றிதழுக்கு வழி காட்டவேண்டும். அங்கேயே நிற்க விரும்புவோர்க்கு உவர்நீரின் செறிவளத்தல், உப்பின் தரம் பிரித்தல், கழிவுநீரினின்று பெறத்தக்க பொருள்கள், கூட்டுறவின் கணக்கு ஆகியவற்றைக் கற்பிக்கவேண்டும். 1954 முதல் பாவநகரில் இயங்கும் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றின் அறிவு மரக்காணத்துப் பாத்திவரை வந்து சேரவேண்டும். எவ்வழியைத் தெரிந்துகொள்வது என்பதை இளைஞரே முடிவுசெய்யட்டும்.

நான்காவது, பிரிந்து செல்வோரின் துணை. இக்கரையினின்று இளைஞர் சென்னைக்கும் ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். வேறூர் செல்லும் உறுப்பினருக்குச் சபைச் சான்றிதழ் கொடுத்தனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெரும்பாலும் அது திருமணத்துக்கே பயன்படுகிறது. பெபேயாளைக் குறித்துப் பவுல் உரோமருக்கு எழுதியதுபோல (உரோ. 16:1, 2), இன்னார் வருகிறார், உறைவிடத்துக்கும் நல்ல துணைக்கும் உதவுங்கள் என ஆயர் ஆயருக்கு எழுதும் கடிதமாக அது மாறுதல் வேண்டும். தொழிற்சாலை விடுதியில் தனித்திருக்கும் இளம்பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு தரும் ஒரு குடும்பம், பல பிரசங்கங்களைவிடப் பெரிய ஊழியம் செய்கிறது.

ஐந்தாவதாக ஒன்றை வற்புறுத்துகிறோம். உப்பளத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நம் சபைகளைச் சேர்ந்தவர் அல்லர். பயிற்சி அவர்கள் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும்; அதற்கு ஈடாக எதுவும் கேட்கப்படலாகாது. ஞானஸ்நானத்தை எதிர்நோக்கிக் கொடுக்கும் உளி தூண்டில் முள்ளே. நாசரேத்துக்கு வந்த அநாதைப் பிள்ளையிடம் பசி மட்டுமே இருந்தது. அதுவே போதிய தகுதியாயிற்று.

முடிவுரை

முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் திருச்சபை இளைஞருக்குக் கொடுத்தது மிகுதி. எழுத்து கோக்கும் கையையும், சரிகை பின்னும் கையையும், உளி பிடிக்கும் கையையும் அது உருவாக்கிற்று. கொடுக்கத் தயங்கியதும் உண்டு: கருவியின் உரிமையையும், தீர்மானிக்கும் உரிமையையும் அது எளிதில் கைவிடவில்லை. அவ்வுரிமைகள் இளைஞரைச் சேர்ந்த இடங்களில் பயிற்சி விடுதலையாயிற்று. சேராத இடங்களில் அது நல்ல கூலியோடு நின்றது.

நம் கல்லூரிகளில் பயிலும் மாணவர் தம் களப்பயிற்சிக் காலத்தில் ஓர் உப்புப் பருவத்தை மரக்காணத்தில் கழிப்பது நலம். பிரசங்கிக்க அல்ல, பாத்தி கட்டுவோரிடம் கற்க. அவ்வாறு கற்றவர் மத்தேயு 5:13-ஐ அடுத்தமுறை விரித்துரைக்கும்போது பிரசங்கத்தின் போக்கே வேறாகும். வரும் ஐப்பசியில் மழை தொடங்கிப் பாத்திகள் நீரில் ஆழ்ந்தபின், அக்கரையின் இளைஞருக்காக எந்தெந்தச் சபை மண்டபங்களின் கதவு மூன்று மாதம் திறந்திருக்கும் என்பதை ஆயர்களும் சபைக் குழுக்களும் இப்போதே கூடி முடிவு செய்வார்களாக.